பின்பனிக் காலத்தில் நாற்றும் மண்ணும்: சிறுபண்ணைக்கான வேலைமுறை

குளிர்காலத்தின் கடைசி ஆறேழு வாரங்களில் சிறுபண்ணையில் இரண்டு வேலைகள் சேர்ந்தே ஓட வேண்டும். குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில் நாற்று வளர வேண்டும். அது இறங்கப்போகும் பாத்தியும் அதற்குள் தயாராக வேண்டும். பலரும் நாற்றை முந்திப் போட்டுவிட்டு, மண் இன்னும் காயவில்லையே என்று காத்திருப்பார்கள். அதற்குள் வேர் குழிக்குள்ளேயே சுற்றிச் சுருண்டுவிடும், நாற்று முற்றிவிடும், நட்ட பிறகும் இரண்டு வாரம் அசையாமல் நிற்கும். ஆகவே கணக்கை மண்ணிலிருந்து தொடங்குங்கள். பாத்தி எப்போது நடவுக்கு வரும் என்று முதலில் மதிப்பிடுங்கள். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி விதைப்பு நாளைக் குறியுங்கள்.

இரவில் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் இடங்களில் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் 8 முதல் 10 வாரம், கத்தரிக்கு 8 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், முட்டைகோஸ், காலிஃபிளவருக்கு 4 முதல் 6 வாரம் தேவைப்படும். வெள்ளரி, பூசணி, சுரை போன்ற கொடிகளுக்கு 3 வாரம் போதும். அவற்றின் வேரைக் கலைத்தால் அப்படியே நின்றுவிடும், அதனால் நாற்று சிறிதாக இருக்கும்போதே நட்டுவிட வேண்டும். பகலில் 28 டிகிரியைத் தொடும் இடங்களில் இந்தக் கணக்கு ஏறத்தாழ பாதியாகச் சுருங்கும்: தக்காளி 25 முதல் 30 நாளிலும் மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வந்துவிடும். கேரட், முள்ளங்கி இரண்டையும் தட்டில் போட வேண்டாம். ஆணிவேர் வளைந்தால் கிழங்கும் கோணலாகத்தான் வரும்.

மண் பதத்துக்கு வந்துவிட்டதா?

மண்வெட்டியை எடுப்பதற்கு முன் 10 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து அழுத்தி உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுங்கள். உடைந்து சிதறினால் வேலையைத் தொடங்கலாம். உருண்டையாகவே கிடந்தாலோ, கட்டைவிரலால் தேய்க்கும்போது மினுமினுவென்று வழுக்கினாலோ இன்னும் காத்திருக்க வேண்டும். ஈரக் களிமண்ணைக் கொத்தினால் அதிலுள்ள காற்றுத் துளைகள் நசுங்கி மூடிக்கொள்ளும். காய்ந்ததும் அது கல்லுக்கட்டியாகும். அந்தக் கட்டியை ஒரு பருவம் முழுக்க உடைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மேல் பக்கம் மட்டும் காய்ந்து அடியில் சேறாக இருப்பது பின்பனியில் சாதாரணம். எனவே மேலோட்டமாகப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஈரப் பாத்தியில் இறங்கியே ஆக வேண்டுமென்றால் பலகை போட்டு அதன்மேல் நடங்கள்.

காத்திருக்கும் நாட்களில் மண் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பலாம். நிலத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10 முதல் 15 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வரப்பு, மரத்தடி, எருக்குவியல் கிடந்த இடம், தண்ணீர் தேங்கும் இடம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மேல் குப்பையை ஒதுக்கி, ‘V’ வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, வெட்டின் பக்கச் சுவரிலிருந்து ஒரு விரல் கன மண்ணைச் சீவி பிளாஸ்டிக் வாளியில் போடுங்கள். எல்லாவற்றையும் கலந்து வட்டமாகப் பரப்பி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர்ப் பங்குகள் இரண்டை விலக்கிவிட்டு மீதியை மறுபடியும் கலந்து பிரியுங்கள். அரை கிலோ மிஞ்சும்வரை இதைச் செய்து, நிழலில் உலர்த்தி அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியைப் பயன்படுத்தினால் துத்தநாக அளவு தப்பாகக் காட்டும்.

மண்ணின் தன்மையை வீட்டிலேயே ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பார்த்துவிடலாம். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஓரிரு நாள் கழித்து மேலே படியும் மெல்லிய அடுக்குதான் களி. மூன்றின் உயரத்தையும் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும்.

கார அமில நிலை (pH) 6 முதல் 7 வரை இருந்தால் பெரும்பாலான காய்கறிகளுக்குப் போதும். 5.5-க்குக் கீழே போனால் விவசாயச் சுண்ணாம்புத்தூள் இடலாம். எவ்வளவு என்பது மண்ணைப் பொறுத்தது. மணற்பாங்கான நிலத்தில் சதுர மீட்டருக்கு 200 கிராம் செய்யும் வேலையைச் செய்ய, களிமண்ணுக்கு ஏறத்தாழ இருமடங்கு வேண்டும். ஒரே தடவையில் 500 கிராமைத் தாண்ட வேண்டாம். சுண்ணாம்பு வேலை செய்ய மாதக்கணக்காகும் என்பதால் இப்போது இடுவதன் பலன் இந்தப் பருவத்தின் பின்பாதியில்தான் தெரியும். சாணத்தோடு சேர்த்து மட்டும் இடாதீர்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டுக்கும் இடையே சில வாரம் இடைவெளி விடுங்கள். ஜிப்சத்தைச் சுண்ணாம்புக்குப் பதிலாக இடுபவர்கள் உண்டு. ஜிப்சம் அமில நிலத்தை மாற்றாது. சோடியம் மிகுந்து கெட்டித்துப்போன களர் நிலத்துக்குத்தான் அது உதவும், அதுவும் வடிகால் இருந்தால் மட்டுமே.

எரு

ஒரு சதுர மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப 10 லிட்டர் எரு வேண்டும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் மற்றதெல்லாம் வந்துவிடும். 1.2 மீட்டர் அகலமும் 10 மீட்டர் நீளமும் உள்ள பாத்திக்கு 2 சென்டிமீட்டர் கனம் போட 240 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் 16 வாளி. உரமே காணாத புது நிலத்துக்கு முதல் ஆண்டு 4 முதல் 5 சென்டிமீட்டர் போடலாம். அதன்பிறகு ஆண்டுக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் போதும். ‘எரு எவ்வளவு போட்டாலும் நல்லதுதான்’ என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஆண்டுதோறும் கணக்கில்லாமல் கொட்டினால் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) உப்பும் சேர்ந்துகொண்டே போகும். அதனால் இரும்பு, துத்தநாகப் பற்றாக்குறை தலைகாட்டும். கொத்திப் புரட்டவும் தேவையில்லை. மேல் 5 சென்டிமீட்டரில் கொத்துமுள்ளால் கலந்துவிட்டால் மண்புழு மீதியைப் பார்த்துக்கொள்ளும். அடி மண் இறுகிப்போயிருந்தால் கடப்பாரையையோ அகல முள்கரண்டியையோ இறக்கி நெம்பித் தளர்த்துங்கள், புரட்டாதீர்கள்.

முழுதாக மக்கிய எரு கறுப்பாக, உதிரியாக இருக்கும். மழை பெய்த மண்ணின் வாசம் வரும், குவியலுக்குள் கை வைத்தால் சூடு தெரியாது. அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் அது இன்னும் வேகாத எரு. அதை நாற்றின் அருகே போட்டால் வேர் கருகும். பச்சைச் சாணத்தைப் பொறுத்தவரை அமெரிக்க இயற்கை வேளாண் விதியை நல்ல அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். விளைபொருள் மண்ணைத் தொடும் பயிரானால் அறுவடைக்கு 120 நாட்களுக்கு முன்பும், தொடாத பயிரானால் 90 நாட்களுக்கு முன்பும் இட்டு மண்ணில் கலந்திருக்க வேண்டும். கீரை, முள்ளங்கி போன்றவற்றின் வயது அதைவிடக் குறைவு. அந்தப் பாத்திகளுக்குப் பின்பனியில் பச்சைச் சாணம் சரிப்படாது.

வெளியிலிருந்து வாங்கிய சாணத்திலோ வைக்கோலிலோ இன்னோர் ஆபத்து உண்டு. மேய்ச்சல் நிலங்களில் அகன்ற இலைக் களைகளைக் கொல்லத் தெளிக்கும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற மருந்துகள் மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்திலும் தங்கும், மக்கிய பிறகும் எளிதில் போகாது. சோதிப்பது சுலபம். மூன்று தொட்டிகளில் அந்த எருவையும் சாதாரண மண்ணையும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். இன்னும் மூன்று தொட்டிகளில் எரு இல்லாமல் மண் மட்டும் போடுங்கள். எல்லாவற்றிலும் பீன்ஸ் அல்லது பட்டாணி விதை போட்டு, மூன்றாவது நான்காவது இலை விரியும்வரை பாருங்கள். எருத் தொட்டிகளில் மட்டும் இலை கிண்ணம்போல் குவிந்து, நுனி முறுக்கிக்கொண்டால் அந்த எருவைத் தக்காளி, மிளகாய், அவரைப் பாத்திப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இந்தச் சோதனைக்கு மூன்று நான்கு வாரம் ஆகும். அதனால்தான் இதைப் பின்பனியின் முதல் வேலையாகச் செய்துவிட வேண்டும்.

புதுக் குவியல் போடுவதானால் நீள அகல உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிய குவியல் குளிரில் சூடேறாது. கரிமமும் தழைச்சத்தும் 25 அல்லது 30-க்கு 1 என்ற விகிதத்தில் அமைய வேண்டும். வைக்கோல் தனியாக 80-க்கு 1 அளவில் இருக்கும், பசும்புல் 20-க்கு 1 அளவில். அதனால் இரண்டையும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். கையில் எடுத்து இறுக்கினால் பிழிந்த துணிபோல் இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. நடுவில் 55 முதல் 65 டிகிரி வந்ததும் புரட்டுங்கள். மழை, பனி இறங்காமல் மேலே மூடி வையுங்கள். மக்காத வைக்கோலையும் மரத்தூளையும் மண்ணுக்குள் கலக்காதீர்கள். அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்வதால் பயிர் வெளிறிவிடும். மேலே மூடாக்காகக் கிடந்தால் அந்தப் பாதிப்பு பெரிதாக இருக்காது.

பசுந்தாள் பயிர் நிற்கும் பாத்திகளில் பூ எடுக்கத் தொடங்கும்போதே அறுத்து மடக்கிவிட்டு, நடவுக்கு முன் 2 முதல் 3 வாரம் விடுங்கள். மடக்கியதும் விதைத்தால் அழுகும் பச்சையில் பெருகும் பூஞ்சைகள் முளையையும் சேர்த்துத் தின்றுவிடும். ரை போன்ற புல்வகைகள் சிறு விதைகளின் முளைப்பையும் தடுக்கும்.

மண்ணைச் சூடாக்குவதும் களையை அடக்குவதும்

பழைய மூடாக்கு கிடந்தால் நடவுக்கு 3 வாரம் முன்பே ஒதுக்கிவிடுங்கள். அது மண்ணைக் குளிர்ச்சியாகவே வைத்திருக்கும். தயாரான பாத்தியைக் கருப்பு பாலித்தீன் விரிப்பால் 4 முதல் 6 வாரம் மூடிவைத்தால், அடியில் முளைக்கும் களை வெளிச்சமில்லாமல் செத்துவிடும், மழையில் மண்ணும் இறுகாது. அவ்வளவு நாள் இல்லையென்றால் பாத்தியைச் சமன்படுத்தி ஈரமாக்கி, களையை முளைக்க விட்டு, இரண்டிலை பருவத்தில் 2 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் சுரண்டிவிடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்கும் விதை மேலே வந்து, செய்த வேலையெல்லாம் வீணாகும்.

10 சென்டிமீட்டர் ஆழத்தில் காலையில் வெப்பமானி வைத்து, தொடர்ந்து நான்கைந்து நாள் பாருங்கள். பட்டாணி 7 டிகிரியிலேயே தாக்குப்பிடிக்கும். தக்காளிக்கு 15 டிகிரி வேண்டும். மிளகாய், கத்தரி, கொடிகளுக்கு 18 டிகிரியாவது வரட்டும். ஒரு நாள் வெயிலைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

விதை

பழைய விதை என்றால் முதலில் முளைப்புத்திறன் பாருங்கள். ஈரத் துணியில் 20 விதைகளை வரிசையாக வைத்துச் சுருட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். 14 முளைத்தால் 70 சதவீதம், அந்த அளவுக்குக் கூடுதலாக விதைத்துச் சமாளிக்கலாம். பத்துக்குக் கீழே என்றால் புது விதை வாங்கிவிடுங்கள், ஏனென்றால் முளைக்கும் கொஞ்சமும் தெம்பில்லாமல்தான் வரும். வெங்காய விதை ஓர் ஆண்டு தாண்டினாலே சந்தேகம்தான். தக்காளி, கத்தரி, முட்டைகோஸ், வெள்ளரி விதைகளை ஈரம் படாமல் வைத்திருந்தால் நான்கு ஆண்டு வரை வரும். மிளகாய் இரண்டு மூன்று ஆண்டு.

நாற்றழுகலுக்கு முன்காப்பாக ஒரு கிலோ விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை 4 கிராம் அல்லது சூடோமோனாஸ் புளோரசன்ஸ் என்ற பாக்டீரியா 10 கிராம் என்ற அளவில், லேசாக ஈரப்படுத்திய விதையில் புரட்டி நிழலில் அரை மணி நேரம் உலர்த்துங்கள். பாக்கெட் விதையில் சிவப்பு, நீல நிறப் பூச்சு இருந்தால் அது ஏற்கெனவே மருந்திட்டது. அதன்மேல் உயிர்ப் பூஞ்சையைப் புரட்டிப் பயனில்லை.

தட்டில் நிரப்பும் கலவைக்குத் தோட்ட மண் வேண்டாம். சின்னக் குழிக்குள் அது இறுகி நீரைப் பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டுவரும். மூன்று பங்கு கழுவிய தென்னை நார்க்கழிவும், 5 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்த மண்புழு உரம் ஒரு பங்கும் போதும். 5 கிலோ நார்க்கழிவுக் கட்டி ஊறினால் 60 முதல் 75 லிட்டர் வரை உப்பும். கழுவாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். வடியும் நீரின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிசீமென்ஸுக்குக் கீழே வரும்வரை நீரை மாற்றி மாற்றி அலசுங்கள். உப்பு தங்கினால் முளைத்த இலையின் ஓரம் கருகுவதிலிருந்து தெரிந்துவிடும். கலவையைக் கைக்குள் இறுக்கினால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப்பார்க்க வேண்டும், அதற்குமேல் கூடாது.

98 குழித் தட்டு ஒன்றுக்கு ஏறத்தாழ 1.2 கிலோ கலவை பிடிக்கும். மேலே குவித்துப் பரப்பி, தட்டைத் தரையில் இரண்டு தட்டு தட்டி, மீதியை வழித்துவிடுங்கள். விரலால் அழுத்தி அடைக்காதீர்கள். குழிக்கு ஒரு விதை. ஆழம் விதையின் கனத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு, அதாவது தக்காளி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர். லெட்டூஸ், செலரி விதைகளுக்கு வெளிச்சம் வேண்டும், அதனால் மேலேயே தூவி லேசாக அழுத்துங்கள். தண்ணீர் தெளித்து, இவை தவிர மற்ற தட்டுகளை எட்டுப் பத்தாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உச்சியில் காலித் தட்டைக் கவிழ்த்து, பாலித்தீனால் சுற்றி மூடுங்கள். உள்ளே ஈரமும் சூடும் நிற்கும்.

முளைப்பின் வேகம் முழுக்க வெப்பத்தைப் பொறுத்தது. தக்காளி 25 டிகிரியில் ஆறு நாளில் முளைக்கும், 15 டிகிரியில் 14 நாளும் 10 டிகிரியில் 40 நாளுக்கு மேலும் ஆகும். மிளகாய் 25 முதல் 30 டிகிரியில் எட்டு நாள், 15 டிகிரியில் 25 நாள். அத்தனை நாள் ஈரத்தில் கிடக்கும் விதை முளைப்பதற்குள் அழுகிவிடும். ‘விதை சரியில்லை’ என்று சொல்லப்படும் பாதிக் கதைகள் இந்தக் குளிரால் வந்தவை. அளக்க வேண்டியது அறையின் சூட்டையல்ல, கலவையின் சூட்டை. மூடாத தட்டில் நீர் ஆவியாவதால் கலவை அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்திருக்கும். லெட்டூஸ் இதற்கு நேர்மாறு: 27 டிகிரி தாண்டினால் உறங்கிவிடும். அதை இந்த அடுக்கில் சேர்க்காதீர்கள்.

மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் அடுக்கைத் திறந்து பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளைக் கழுத்து வளைந்து கலவையைப் பிளப்பது தெரிந்தவுடன் எல்லாத் தட்டுகளையும் பிரித்து வெளிச்சத்தில் வைத்துவிட வேண்டும். எல்லாம் முளைக்கட்டும் என்று ஒரு நாள் தாமதித்தால் கழுத்து வெளிறி நீண்டுவிடும். அதைத் திரும்பக் குட்டையாக்க முடியாது.

முளைத்த பிறகு

இப்போது சூட்டைக் குறைக்க வேண்டும்: பகலில் 18 முதல் 22 டிகிரி, இரவில் இரண்டு மூன்று டிகிரி குறைவு. சூடு அதிகமாகி வெளிச்சம் குறைந்தால் நாற்று நெட்டையாகத்தான் போகும். ஜன்னலோர வெளிச்சம் பின்பனியில் பற்றாது. எல்இடி குழல் விளக்கைச் செடியின் உச்சிக்கு மேல் 10 முதல் 15 சென்டிமீட்டரில் தொங்கவிட்டு, நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். செடி வளர வளர விளக்கையும் ஏற்றுங்கள். நெட்டையாகிவிட்ட தக்காளியை ஆழமாக மாற்றி நட்டால் தண்டிலிருந்து வேர் விடும். மிளகாயை அப்படிக் காப்பாற்ற முடியாது.

நாற்றழுகல் வந்தால் தண்டு கலவையைத் தொடும் இடம் நீர் ஊறியதாகி, ஒரே இரவில் சுருங்கி, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று சாயும். பித்தியம், ரைசோக்டோனியா என்ற இரண்டு நோய்க்கிருமிகளும்தான் பெரும்பாலும் காரணம். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது. சுற்றியிருக்கும் இரண்டு வரிசைக் குழிகளையும் சேர்த்து அகற்றிவிட்டு, மேல்பரப்பைக் காயவிட்டு, சின்ன மின்விசிறியால் காற்றோட்டம் கொடுங்கள். வராமல் தடுப்பது தண்ணீர் விடும் முறையில்தான் இருக்கிறது. காலையில் மட்டும் விடுங்கள். தட்டை அடியிலிருந்து நீரில் வைத்து உறிஞ்சவிட்டு, 20 நிமிடத்தில் எடுத்து வடியவிடுங்கள். தட்டைத் தூக்கிப் பார்த்து எடை குறைந்தால்தான் அடுத்த தண்ணீர். குழாயிலிருந்து வரும் சில்லென்ற நீரை வாளியில் பிடித்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பயன்படுத்துங்கள். கலவையின் மேல் பாசி பிடித்தாலோ சிறு கறுப்புக் கொசுக்கள் எழுந்தாலோ தண்ணீர் அதிகம் என்று அர்த்தம்.

வித்திலைக்கு அடுத்து வரும் முதல் உண்மை இலை வந்து இரண்டு வாரத்தில் வெளிறத் தொடங்கினால் பசிதான். தழை, மணி, சாம்பல் சத்துகள் சமமாக உள்ள 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் கரைத்தோ, மண்புழுப் படுக்கையிலிருந்து வடியும் வெர்மிவாஷில் பத்து மடங்கு நீர் கலந்தோ வாரம் ஒருமுறை ஊற்றுங்கள். இலையின் அடிப்பக்கம் ஊதாவாக மாறினால் உரத்தைத் தேடி ஓடாதீர்கள். வேர் குளிர்ந்துபோனால் கலவையில் மணிச்சத்து இருந்தும் எடுக்க முடியாது. தட்டைச் சூடான இடத்துக்கு மாற்றினாலே புதிய இலை பச்சையாக வரும்.

வெளியே பழக்கி நடுதல்

நடவுக்கு 7 முதல் 10 நாள் முன்பு நாற்றை வெளியே பழக்கத் தொடங்குங்கள். முதல் நாள் காற்றில்லாத நிழலில் இரண்டு மணி நேரம், பிறகு நாளுக்கு ஒன்றிரண்டு மணி கூட்டி, ஐந்தாம் நாளிலிருந்து காலை வெயில், கடைசி இரண்டு நாள் இரவிலும் வெளியே. நேராக வெயிலில் வைத்தால் இலை வெள்ளைத் திட்டாகப் பொசுங்கும். இந்த நாட்களில் தண்ணீரைக் குறையுங்கள், வாடவிட வேண்டாம். 10 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் தக்காளி, மிளகாய், கத்தரி, கொடிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். முட்டைகோஸ் வகைகளும் வெங்காயமும் குளிரைத் தாங்கும்.

நாற்றைக் குழியிலிருந்து இழுத்துப் பாருங்கள். வேர்ப்பந்து உடையாமல் முழுதாக வந்து, வெள்ளை வேர் ஓரத்தில் தெரிந்தால் அதுதான் தருணம். பழுப்பேறிச் சுற்றியிருந்தால் அடிப்பாகத்தை விரலால் லேசாகப் பிரித்துவிட்டு நடுங்கள். நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தட்டை நன்றாக நனையுங்கள். மேகமூட்டமான நாளிலோ மாலையிலோ நடுங்கள். நார்க்கழிவுப் பந்தின் மேல்பக்கம் மண்ணுக்கு வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் திரிபோல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டு, சுற்றி மண் ஈரமாக இருக்கும்போதே வேர் காய்ந்துவிடும். அதை அரை சென்டிமீட்டர் மண்ணால் மூடி, செடிக்கு அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரவில் பனி விழும் என்றால் வளைகுச்சி நட்டு மெல்லிய பயிர்த்துணியைப் போர்த்துங்கள். புதிய இலை ஒன்று விரியும்வரை உரம் வேண்டாம். மூடாக்கை மண் 18 டிகிரிக்கு மேல் நிலைத்த பிறகு, தண்டிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள்.